முழங்காலில் ஓடும் விர்ப்பி

விர்ப்பி மறுபடியும் கூடத்தை முழங்காலால் கடந்துகொண்டிருக்கிறாள். பனி அப்பிய பூட்ஸ் இரண்டும் தரையில் படாமல் பின்னால் தூக்கிக்கொண்டிருக்கின்றன. குளிர்நாட்டு ஏரிக்கரை ஊரான குவோப்பியோவில் பூட்ஸ் காலோடு வீட்டுக்குள் நடக்க யாருக்கும் மனம் வராது. கழற்றி மாட்டவோ விர்ப்பிக்குப் பொறுமை கிடையாது. எதையாவது மறந்து, ஒரு நாளைக்கு நாலு தடவையாவது வாசலிலிருந்து இப்படித் திரும்பி வருவாள். அவளுடைய கால்சட்டைகள் முதலில் கிழிவது முழங்காலில்தான்.

"இப்போ என்ன, சாவியா?" என்பான் கணவன் இல்மாரி, செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல்.

"சார்ஜர். நீ காபியக் குடி, ஆறிடப் போகுது."

"என்னுத விடு. உன்னுது விடிஞ்சதுலேர்ந்து ஜன்னல்ல ஆறுது."

விர்ப்பிக்கு வயது நாற்பத்தெட்டு. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரிதான் எப்போதும். வேலை பார்த்த செல்பேசித் தொழிற்சாலையை மூடியபோது கூட இருந்தவர்கள் வேறு நிம்மதியான வேலை தேடிக்கொண்டார்கள். இவள் ஒரு நிலவறையை வாடகைக்குப் பிடித்தாள். ஏழு வருடப் பிடிவாதத்தில் ஒரு மஞ்சள் பெட்டி பிறந்தது. உறைந்த ஏரியின் மேல் அதைத் தள்ளிக்கொண்டு போனால், துளை போடாமலே கீழே பனிக்கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்லும். குளிர்காலம் முழுக்க ஏரி மேலேயே நடப்பதும் வண்டி ஓட்டுவதுமாக இருக்கிற ஊருக்கு அது சின்ன விஷயமில்லை. விர்ப்பிக்கோ ஊர் போதாது. "கனடால மட்டும் எத்தனை ஏரி தெரியுமா?" என்று பல் டாக்டரின் நாற்காலியில், திறந்த வாயோடு கேட்டவள் அவள்.

இந்த மார்ச்சில் மீட்புப் படையின் பெந்த்தி நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். பிடித்திருந்தால் நாற்பது பெட்டி. நாள், வியாழக்கிழமை.

திங்களன்று, ஏரி குறுகி ஓடும் ஜலசந்தியில் பெட்டி பதினான்கு காட்டியது. அவளுடைய ஒரே பொறியாளர் ஒஸ்மோவுக்கு எதையும் நம்பாத சுபாவம். துளை போட்டுப் பார்த்தான். ஆறு சென்டிமீட்டர்தான்.

"மேல கிடக்கிற ஈரப்பனியையும் கட்டியா எண்ணிடுது" என்றான்.

"வியாழக்கிழமை போறது ஏரியோட விரிகுடாவுக்கு. அங்க ஈரப்பனியே இல்ல. சரியாக் காட்டும்."

"காட்டும். வாங்கிட்டு இங்கயும்தான் வண்டிய ஓட்டுவாங்க."

"சரி பண்ணிடலாம் ஒஸ்மோ!"

"எதுல வச்சு சோதிப்ப? இன்னும் மூணு வாரத்துல ஏரி தண்ணியாயிடும். அடுத்த குளிர் வரணும்."

"ஒரு வருஷமா? என்னாலயா?"

ஒஸ்மோ துளையில் ஊறி வந்த நீரையே பார்த்துக்கொண்டிருந்தான். விர்ப்பி அவன்மேல் கோபமாகத்தான் கரைக்கு நடந்தாள், ஆனால் துளை போட்ட இடத்தைச் சுற்றிக்கொண்டு.

இரண்டு நாள் யாரிடமும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அலமாரியைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். சாப்பாட்டு மேசையில் ரை தானிய ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாள், வாயில் வைக்கவில்லை. ஓர் ஆண்டு காத்திருப்பது என்றால் அவளுக்கு அவ்வளவு பயம்.

புதன் காலை வாசல்வரை போனவள் முழங்காலால் திரும்பி வந்தாள்.

"இப்போ என்ன?" என்றான் இல்மாரி.

அவள் மேசைமேலிருந்த போனை எடுத்து, மண்டியிட்டபடியே பேசினாள்.

"பெந்த்தி, விர்ப்பிதான். நாளைக்கு வர வேணாம்... இல்ல, எனக்கு உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. பெட்டி பொய் சொல்லுது. ஆறைப் பதினாலுங்குது. உங்க ஆளுங்கள அத நம்பி அனுப்பாதீங்க... ஆமா, அடுத்த குளிர்லதான்... தெரியும், அதுக்குள்ள நீங்க வேற யாருகிட்டயாவது வாங்கலாம்."

இல்மாரி செய்தித்தாளை மடித்து வைத்தான்.

விர்ப்பி இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். நாடாக்களை அவிழ்த்து, பூட்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். காலுறையோடு இரண்டு காலால் நடந்து வாசலுக்குப் போய், கால்மிதிமேல் அவற்றைச் சேர்த்து வைத்தாள், முனைகள் கதவைப் பார்த்தபடி.