பணிஸுக்குக் கீழே வாய் மூடி நின்ற உம்மாமார்

மகள் படிக்கும் பாடசாலையில் எது நடந்தாலும் வகுப்பு வட்ஸ்அப் குழுவில்தான் அறிவித்தல் வரும். பெற்றோர் கூட்டம், சிரமதானம், பல் வைத்தியர் வரும் நாள், யாருடையவோ தண்ணீர்ப் போத்தல் மாறிப்போன செய்தி, எல்லாம் அதில்தான். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். வாசிப்பேன், ஆனால் டீச்சர்மார் இருக்கிற இடத்தில் எழுத வெட்கம். அதனால் எந்த அறிவித்தலாக இருந்தாலும் பெருவிரல் படமொன்றைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிடுவேன்.

சென்ற வருஷம் இல்ல விளையாட்டுப் போட்டி அறிவித்தலுக்கும் அப்படித்தான் விரலைப் போட்டேன். உம்மாமாருக்குச் சங்கீதக் கதிரை என்று அதில் இருந்தது. வருவீர்களா என்று மகள் கேட்டாள், வருவேன் என்றேன். ஆனால் மைதானத்தில் அத்தனை வாப்பாமார் வரிசையாக நிற்பதைக் கண்டதும் எனக்குக் கால் வரவில்லை. பெயர் கூப்பிடும் நேரம் தேத்தண்ணீர்க் கொட்டகைக்குப் பின்னால் போய், கோப்பை கழுவுகிறவர்களோடு சேர்ந்து நானும் கழுவினேன். ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கோப்பைகளையும் கழுவினேன். மகள் எனக்காக ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டே நின்றாளாம். வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை, கோபிக்கவுமில்லை. படுக்கப் போகும்போது ஒன்று மட்டும் சொன்னாள்.

“எல்லார்ட உம்மாவும் வந்தாங்க.”

அந்தச் சொல் எனக்கு ஒரு வருஷம் காதிலேயே கிடந்தது. ஆகவே இந்த வருஷம் அவள் கேட்கும் முன்னே, என்ன போட்டியாக இருந்தாலும் வருகிறேன், இது அல்லாஹ் அறிய நான் தரும் வாக்கு என்று சொல்லிவிட்டேன். என்ன போட்டி என்று விசாரித்துவிட்டு வாக்குக் கொடுத்திருக்கலாம்.

புதிதாக ஒரு விளையாட்டு சேர் வந்திருந்தார். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. முதல் நியமனம். உம்மாமாரைக் கண்டால் இரண்டு கையாலும் கும்பிடுவார், பிறகு இது முஸ்லிம் பாடசாலை என்று ஞாபகம் வந்து கையைக் கீழே போடுவார். அவர் போட்ட அறிவித்தலில் இருந்தது: தாய்மாருக்கு, தொங்கும் பணிஸ் சாப்பிடுதல். பேக்கரியில் விற்கும் இனிப்புப் பணிஸை நூலில் கட்டித் தொங்க விடுவார்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் கவ்விச் சாப்பிட வேண்டும், முதலில் முடிப்பவருக்குப் பரிசு. நான் யோசித்துப் பார்த்தேன். ஓடத் தேவையில்லை, பாடத் தேவையில்லை, சாப்பிடத்தானே. என் ஆயுளில் முதல் தடவையாகக் குழுவில் எழுதினேன்: நான் வாரேன். மூன்று பேர் அதற்குச் சிவப்பு இதயம் போட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். றமழானில் பெண்களுக்குச் சில நாட்கள் நோன்பு இல்லை. அது படைத்தவன் தந்த சலுகை. ஆனால் விடுபட்ட அந்த நோன்புகளை அடுத்த றமழான் வருவதற்குள் பிடித்துவிட வேண்டும். கழா நோன்பு என்போம். இந்த முறை பெருநாள் கழிந்த கையோடு பிடித்துவிடுவேன் என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பேன். பிறகு கல்யாண வீடு வரும், காய்ச்சல் வரும், மழை வரும், பலாப்பழம் வரும். கடைசியில் றமழானுக்கு முந்திய ஷஃபான் மாதத்தில் வந்து முழி பிதுங்கி நிற்பேன். எங்கள் மேல் வீட்டு ராத்தா அப்படியல்ல. பெருநாளுக்கு அடுத்த மாதமே எல்லாவற்றையும் பிடித்து முடித்துவிடுவார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. வேலிக்கு மேலால் தலையை நீட்டி, முடிச்சாச்சா என்று என்னிடம் கேட்பார். நான் முருங்கைக்காயைப் பற்றிப் பேச்சை மாற்றுவேன்.

அந்த ஷஃபானில் எனக்கு நாலு நோன்பு மிச்சம் இருந்தது. விளையாட்டுப் போட்டி செவ்வாய்க்கிழமை என்றார்கள். சரி, திங்களும் வியாழனும் பிடிப்பேன் என்று முடிவு செய்தேன். திங்கள் பிடித்தேன். அன்று பின்னேரம் பெய்த மழையில் மைதானம் வயலாகிவிட்டது. போட்டி வியாழனுக்கு மாற்றப்பட்டுள்ளது என்று அறிவித்தல் வந்தது. விரலைப் போட்டேன். அப்படியானால் என் நோன்பைப் புதனுக்கு மாற்றிக்கொள்வோம் என்று செவ்வாய் இரவு இஷாத் தொழுத கையோடு படுத்துவிட்டேன். ஸஹருக்கு எழும்பி, சோறும் பருப்பும் சாப்பிட்டு, நோன்பு பிடிக்கிறேன் என்று நிய்யத்தும் வைத்தாயிற்று. சுபஹ் தொழும் முன் போனைத் தொடுவதில்லை என்பது எனக்கு ஒரு வழக்கம். தொழுது முடித்துப் போனைத் திறந்தால், முந்திய இரவு நான் படுத்த பிறகு சேர் போட்ட அறிவித்தல் இருந்தது. பிரதம விருந்தினருக்கு வியாழன் வசதியில்லையாம், மைதானமும் காய்ந்துவிட்டதாம், ஆகவே போட்டி புதனுக்கு முற்படுத்தப்பட்டுள்ளது, சிரமத்துக்கு வருந்துகிறோம்.

புதன் என்றால் இன்று.

அவசியமில்லாமல் கழா நோன்பை முறிப்பது பாவம். பிள்ளைக்குக் கொடுத்த வாக்கை முறிப்பது அதற்கு எவ்வளவு குறைந்தது என்று எனக்குத் தெரியவில்லை. என்னுடைய ஆள் கடைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். வாயில் வைத்துவிட்டுத் துப்புங்களேன் என்றார். அல்லாஹ் தந்த ரிஸ்கைத் துப்புவதா என்று நான் கேட்டேன். பிறகு அவரே பள்ளிவாசல் ஹஸரத்துக்குப் போன் எடுத்து, எனக்குத் தெரிந்த ஒருவரின் வீட்டில் ஒரு பிரச்சினை என்று தொடங்கினார். ஹஸரத் நெடுநேரம் விளக்கினார். இவர் ம், ம் என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

“வாயத் தொறக்காம ஈந்தா ஒரு பிரச்சினையும் இல்லையாம்.”

வாயைத் திறக்காமல் பணிஸ் சாப்பிடும் போட்டிக்கு அப்படித்தான் நான் வெளிக்கிட்டேன். போகாமல் இருக்க முடியாது. போய் நிற்பது என்று முடிவு. எட்டாததுபோல் நடித்துத் தோற்றுவிட்டால் நோன்பும் தப்பும், வாக்கும் தப்பும். சேரிடம் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தச் சின்னப் பொடியனிடம் எந்த வாயால் சொல்வது? மற்ற உம்மாமாரிடம் சொன்னால் மேல் வீட்டு ராத்தாவின் காதுக்குப் போகும்.

பதினொரு மணி போல எங்களைக் கூப்பிட்டார்கள். காலையில் இருந்த பனி போய் வெயில் சுள்ளென்று அடித்தது. கயிற்றில் எட்டுப் பணிஸ், அதற்குக் கீழே எட்டு உம்மாமார். எனக்கு வலப்பக்கம் மேல் வீட்டு ராத்தா. பணிஸ் அப்போதுதான் வந்திருக்க வேண்டும், மேலே சீனி தூவி, சூட்டோடு, வாசம் வயிற்றுக்குள்ளேயே போனது. எதிரே பச்சை இல்லத்துக் கொட்டகையில் மகள் முன்வரிசைக்கு வந்து நின்றுகொண்டு, நான் ஓடிவிடாமல் கண்ணாலேயே பிடித்து வைத்திருந்தாள்.

விசில் ஊதியது. நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு பணிஸை நோக்கித் தலையை ஆட்டினேன். எட்டவில்லை என்பதுபோல் ஒரு எம்பு எம்பினேன். நடிப்பு நன்றாகத்தான் இருந்தது. இடப்பக்கம் நின்ற உம்மாவைப் பார்த்தேன், அவரும் வாயை மூடிக்கொண்டு எம்பிக்கொண்டிருந்தார். அவருக்கு அங்கால் நின்றவர் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணையும் மூடியிருந்தார், வாய் பூட்டுப் போட்டதுபோல. வரிசை முழுக்க அதே கதைதான். பணிஸ்கள் மட்டும் காற்றில் ஆடின.

சேர் நல்ல மனிதர். கயிறு உயரம் என்று நினைத்து, ஓடிப்போய் இரண்டு பக்கமும் தளர்த்திவிட்டார். பணிஸ் சரியாக மூக்கில் வந்து இடித்தது. இனி எட்டவில்லை என்று சொல்லவும் வழியில்லை. சீனி என் மேலுதட்டில் ஒட்டிக்கொண்டது. நக்கிவிடாமல் இருக்க நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ராத்தா மட்டும் பிஸ்மி சொல்லி, ஆற அமர, கல்யாண வீட்டில் சாப்பிடுவதுபோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சேருக்கு முகம் வெளிறிவிட்டது. மைக்கை எடுத்தார்.

“அம்மா, சந்தேகப்படாதீங்க. இது மடவளை பேக்கரிதாங்க. உங்க ஆளுக கடையிலதான் நானே போய் வாங்கிட்டு வந்தேன்.”

முதலில் கடைசியில் நின்றவரின் தோள் குலுங்கியது. பிறகு அடுத்தவருக்கு. சிரிப்பை மூடிய வாய்க்குள் எவ்வளவு நேரம் வைத்திருப்பது? ஏழு பேரும் கையைப் பின்னால் கட்டியபடி, பணிஸ் மூக்கில் தட்டத் தட்ட, கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தோம். வாப்பாமார் பக்கத்தில் ஒருவர் விளக்கம் சொல்ல வாயெடுத்து, பாதியில் என்ன சொல்வதென்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார். ராத்தா கடைசி வாயை விழுங்கிவிட்டு எங்களை ஒரு தரம் வரிசையாகப் பார்த்தார்.

“முடிச்சாச்சாண்டு நான் எல்லாரிட்டயும் கேட்டேனே புள்ளயள். ஒருத்தியாவது செல்லல்லியே.”

என்னிடம் மட்டும்தான் கேட்கிறார் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

அதிபர் டீச்சர் எழும்பி வந்து முதலாவது நின்றவரின் காதில் ஏதோ கேட்டார். பிறகு அவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். விருந்தினரோடு அமர்ந்திருந்த அவருடைய சோடாவும் திறக்காமலே இருந்தது என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். ராத்தாவுக்கு முதல் பரிசு என்று அறிவித்துவிட்டு, மற்றவர்களுக்கு ஒரு புதுச் சட்டம் போட்டார்: பணிஸைக் கையால் எடுத்துக்கொண்டு தங்கள் பிள்ளையிடம் ஓட வேண்டும், பிள்ளை அதை முழுக்கச் சாப்பிட வேண்டும்.

மகளைப் பார்த்தேன். அவளுடைய முகம் சென்ற வருஷத்து முகமாகிக்கொண்டிருந்தது. உம்மா வந்தும் ஒன்றும் செய்யாமல் நிற்கிறாளே என்று நினைத்திருப்பாள். விசில் ஊதியதும் அபாயாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்து ஓடினேன். பாடசாலையை விட்ட பிறகு நான் ஓடியது அன்றுதான். வாப்பாமார் நிற்பதெல்லாம் ஞாபகத்திலேயே இல்லை. முதலாவதாகப் போய்ச் சேர்ந்ததும் நான்தான். அவள் பெரிய கடியாகக் கடித்தாள். பச்சை இல்லம் முழுக்கக் கத்தியது. நான் கொஞ்சம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் நாங்கள் இரண்டாமிடம் வந்திருப்போம். ஏன் உம்மா சாப்பிடல்ல என்று அவள் கேட்க, நான் நோன்பு மகள் என்று சொல்லிவிட்டேன்.

அவளுடைய வாய் நின்றது.

“எல்லா உம்மாமாரும் நோன்பா?”

“ஓ. நீங்க கெதியா சாப்பிடுங்க.”

“அப்ப வாப்பாமார் ஏன் புடிக்கல்ல?”

பக்கத்தில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் விழுங்கிக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன், முதலில் விழுங்குங்கள் என்றேன். அவள் விழுங்கினாள். ஆனால் மிச்சப் பாதியைச் சாப்பிடவில்லை. கைலேஞ்சியை எடுத்துச் சுற்றி, விளையாட்டுக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பச்சை இல்லத்துப் பொறுப்பு டீச்சர் தலையில் கை வைத்தார். நாங்கள் ஏழாவது, அதாவது கடைசி.

அன்று பின்னேரம் அவளை அடுப்படியில் இருத்தி, வாப்பாமாருக்கு ஏன் அந்த நோன்பு இல்லை என்று என்னால் முடிந்தவரை சொல்லிக்கொடுத்தேன். இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் எப்படியும் சொல்லவேண்டிய கதைதான். கவனமாகக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் ராத்தா மாதிரி முதலிலேயே பிடிப்பதுதானே என்றாள். நான் முருங்கைக்காயைப் பற்றிப் பேச்சை மாற்றினேன்.

மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. ஈத்தம்பழத்தால் நோன்பு திறந்து, தண்ணீர் குடித்து, தொழுதுவிட்டு அடுப்படிக்கு வந்தால், சாரம் காயப்போடும் கொடியில் அந்தப் பாதிப் பணிஸ் தையல் நூலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நசுங்கி, ஒரு பக்கம் கைலேஞ்சியின் நூல் ஒட்டி. மகள் பக்கத்தில் நின்றாள், வாப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தாள்.

“கையப் பின்னால கட்டுங்க உம்மா. வாப்பா, நீங்க ஊதுங்க.”

அவருக்கு விசில் வராது. வாயால் ஃபூ என்று ஊதினார். நான் பிஸ்மி சொல்லி வாயைத் திறந்தேன். முதல் கடி தவறியது, இரண்டாவதும் தவறியது. இந்தத் தடவை உண்மையாகவே எட்டவில்லை. மகள் கொடியைக் கீழே இழுத்துப் பிடித்தாள். நூலோடு சேர்த்து முழுக்கச் சாப்பிட்டு முடித்தேன். அவள் என் கையைத் தூக்கிப் பிடித்து, முதலாமிடம் என்றாள்.

போட்டியில் நின்றது நீங்கள் ஒரு ஆள்தானே என்று இவர் சொல்லப் போனார், நான் ஒரு பார்வை பார்த்தேன். அப்போது போன் சத்தம் போட்டது, குழுவில் சேரின் அறிவித்தல். இன்றைய நிகழ்வில் கலந்துகொண்ட தாய்மாருக்கு நன்றியாம். அடுத்த வருஷப் போட்டிக்கு உகந்த மாதத்தைத் தாய்மாரே அதிபரிடம் தெரிவிக்கும்படி பணிவாகக் கேட்டிருந்தார்.

விரலைப் போட்டேன். பிறகு கொஞ்சம் யோசித்து, எழுத்துக் கூட்டி, இன்ஷா அல்லாஹ் நானும் வருவேன் என்று எழுதினேன். அடுத்த நாள் வியாழன். மிச்சம் இருந்த இரண்டில் ஒன்றைப் பிடிக்க ஸஹருக்கு எழும்ப வேண்டுமென்று நேரத்தோடே படுத்தேன். படுக்கும் முன் போனை இன்னொரு தரம் பார்த்துவிட்டுத்தான்.