நான்கு சக்கரத்துக்கு ஒரு பக்கெட் தண்ணீர்

உத்திரமேரூர் வட்டாரத்தின் போக்குவரத்து வரலாற்றை யாராவது எழுதத் துணிந்தால், புருஷோத்தமனுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்காமல் தப்ப முடியாது. வயல் கூலியாகத் தொடங்கி, டிராக்டர் ஓட்டப் பழகி, நாற்பதைத் தாண்டியபின் கைமாறிக் கைமாறி வந்த ஒரு வெள்ளைக் காருக்குச் சொந்தக்காரர் ஆனவர். கார் வாங்கிய புதிதில் கல்யாண சவாரிக்குக் காத்திருந்தார். வந்தது சாவு சவாரி. தெருக்காரர் ஒருவரின் பெரியப்பா வாலாஜாபாத்தில் காலமாகிவிட்டார். புருஷோத்தமன் கூப்பிட்ட உடனே வந்தார், பேரம் பேசாமல் போனார், பிணம் எடுப்பதற்கு முன் ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். தொழிலில் அவர் செய்த மாபெரும் தவறு அதுதான்.

அன்று முதல் சுற்றுவட்டாரத்தில் யார் கண்ணை மூடினாலும் அவருடைய செல்போன் கண்ணைத் திறக்கும்.

"அண்ணே, வண்டி கீதா?" என்று ஒரு குரல் விம்மும்.

"கீது" என்பார்.

அந்தக் காரில் பிணம் ஏறியதே இல்லை, அழுகிறவர்கள் மட்டும்தான் ஏறினார்கள். ஆனாலும் கல்யாண வீட்டார் அதைக் கண்டால் எதிர்ப்பக்கம் பார்த்தபடி நடந்தார்கள்.

சாவுக்குப் போய்வந்த மனிதர் குளித்துவிட்டு வீட்டுக்குள் வருகிறார். கார் மட்டும் குளிக்காமல் வரலாமா? தத்துவ ஞானிகள் கேட்கத் தவறிய இந்தக் கேள்வியைக் கேட்டவர் அவருடைய மனைவி திலகா. கார் தெருமுனை திரும்பும்போதே மஞ்சள் கரைத்த பக்கெட்டோடு வாசலில் நிற்பார். நான்கு சக்கரத்திலும் ஊற்றிய பிறகுதான் வண்டி உள்ளே வரலாம். முன்சக்கரங்களில் தண்ணீர் பட்டதும் 'சொர்ர்' என்று ஆவி கிளம்பும்.

"பாரு, தீட்டு எப்டி பொகையாப் போவுது!" என்பார் திலகா.

கண்ணுக்குத் தெரிகிற ஆதாரம். மறுத்துப் பேச ஆளில்லை.

காருக்கு நோய் படிப்படியாக வந்தது. முதலில் பிரேக் போட்டால் கீச்சென்று கத்தியது. பேடு தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் ஐசக் மாற்றிக் கொடுத்தார். பிறகு பெடல் இலவம்பஞ்சுத் தலையணையை மிதிப்பதுபோல் உள்ளே போனது. இரண்டு மூன்று தரம் மிதித்தால்தான் வண்டி நிற்பதைப் பற்றி யோசித்தது. பிரேக் ஆயில் குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று ஐசக் காற்றைப் பிடுங்கி வெளியே விட்டார். இரண்டும் தீர்ந்தன. மூன்றாவது தீரவில்லை. அது நடுக்கம். மிதித்தால் பெடல் காலை எதிர்த்து உதைத்தது, ஸ்டியரிங் கைக்குள் உதறியது. சக்கரத்துக்குள் சுற்றுகிற டிஸ்க் தட்டு கோணிவிட்டது என்று ஐசக் புதுத் தட்டு போட்டார். நாலு சாவு தாங்கியது. மறுபடி நடுக்கம். இன்னொரு தட்டு போட்டார். மூன்றாவது சாவிலேயே நடுங்கியது.

இதெல்லாம் புருஷோத்தமனின் சொந்த விவகாரமாகவே இருந்திருக்கும், மகள் நிஷா மாகறலில் வாழ்க்கைப்பட்டு முதல் பிள்ளை உண்டாகாமல் இருந்திருந்தால். வளைகாப்பு முடிந்துவிட்டது. பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வர வேண்டும். அவளுடைய மாமியார் செல்லம்மாள் ஒருமுறை அந்தக் காரில் ஏறி இறங்கியவர்.

"பிரேக் போட்டா என் கட்டுப்பல்லே கயண்டுக்குது சம்பந்தி. வவுத்துல கீற புள்ள இன்னாத்துக்கு ஆவும்? வண்டிய சரி பண்ணிக்கினு வாங்க, அனுப்பறேன். இல்லாட்டி இங்கியே பெத்துக்கட்டும்."

வேறு வண்டி பிடித்திருக்கலாம். திலகா சொல்லியும் பார்த்தார்.

"வண்டி வெச்சிக்கினு கீறவன் பொண்ணு வாடகை வண்டியிலயா வூட்டுக்கு வரும்?" என்று புருஷோத்தமன் சீறினார். மகள் தினமும் போன் செய்து, "நைனா, எப்ப வர்ற?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நோயின் மூலத்தை ஐசக் கண்டுபிடித்தது மருத்துவத் திறமையால் அல்ல. வண்டியில் மறந்துவிட்ட ஸ்பேனரைத் தேடி வந்தார். அந்த நேரம் பார்த்து கார் ஒரு சாவிலிருந்து திரும்பியது. திலகா ஊற்றினார். ஆவி பறந்தது.

"ஐயோ அண்ணி! இன்னா வேலை பண்றீங்க? பிரேக் போட்டுப் போட்டு தட்டு நெருப்பா கீது. அதும்மேல பச்சத்தண்ணி ஊத்துனா கோணாதா? அடுப்புல காயற தோசைக்கல்லுல பக்கெட்டோட ஊத்துவீங்களா?"

"தண்ணி தெளிச்சித்தான்யா தெனம் தோசை சுடறேன். எங்க கல்லு கோணிச்சி? வா, காட்டறேன்."

ஐசக் தேடி வந்த ஸ்பேனரைக்கூட மறந்துவிட்டுப் போனார்.

ஆனால் புருஷோத்தமனுக்கு வெளிச்சம் கிடைத்துவிட்டது. மறுபடியும் புதுத் தட்டு போட்டார். சாவுக்கு வர முடியாது என்று வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்னார். "அவரு வரலைன்னா எப்டி எடுக்கறது?" என்று ஊர் திகைத்தது. கார் நடுங்காமல் நின்றது. புதன்கிழமை நாள் குறித்தார்கள். உச்சிப்பொழுதில் ராகு காலம் தொடங்குவதற்குள் மாகறலை விட்டுக் கிளம்ப வேண்டும். சீக்கிரமே போய், ஊருக்கு வெளியே மரத்தடியில் நிறுத்தி, சக்கரம் ஆறியபின் ஊருக்குள் நுழைவது என்பது அவருடைய திட்டம்.

திட்டத்தைத் திலகாவின் சகுனம் தின்றது. வாசலில் முதலில் பூனை வந்தது. பிறகு விறகுச் சுமை வந்தது. பூக்காரி வந்து எதிர்ப்படும்வரை வண்டி நகரவில்லை. அதன்பின் திலகாவை ஏற்றிக்கொண்டு புருஷோத்தமன் பறந்தார். வேகத்தடை, ஆட்டு மந்தை, நெல் லாரி, ஒவ்வொன்றுக்கும் அழுத்திப் பிடித்தார். பிரேக் வெண்ணெய்போல் பிடித்தது. சக்கரத்திலிருந்து தீய்ந்த வாசனை வந்தபோது மரத்தடியும் வந்தது. நிற்க நேரமில்லை.

மாகறலில் செல்லம்மாள் வாசலில் தயாராக நின்றிருந்தார். கையில் வேப்பிலை போட்ட பக்கெட்.

"எத்தினி சாவு பாத்த வண்டி! புள்ளத்தாச்சி ஏறணும்னா சும்மாவா?"

புருஷோத்தமன் கதவைத் திறந்த வேகத்தில் கீழே விழப்பார்த்தார். "சம்பந்தியம்மா, வாணாம்! கொஞ்சம் ஆறட்டும்!"

"ஆர்றதுக்குள்ள ராகு காலம் வந்துரும். நவுருங்க."

புருஷோத்தமன் திலகாவைப் பார்த்தார். திலகாவுக்கு எல்லாம் தெரியும். ஆனால் பெண்ணைக் கொடுத்த வீட்டில் எந்தத் தாய் தீட்டுக் கழிக்க வேண்டாம் என்பார்? பக்கெட் கனமாக இருந்ததால் ஒரு கை பிடித்தும் கொடுத்தார்.

சொர்ர்.

"யம்மாடி, எவ்ளோ இருந்துது பாரு!" என்றார் செல்லம்மாள், மனநிறைவோடு.

நிஷா இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல்களோடு பின்சீட்டில் ஏறினாள். "மெதுவா போ நைனா" என்று சிரித்தாள். தெருக்கோடியில் வேகத்தடை. புருஷோத்தமன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரல் நுனியால் தொடுவதுபோல் பெடலைத் தொட்டார். பெடல் உதைத்தது. ஸ்டியரிங் உதறியது. நிஷாவின் வளையல்கள் அத்தனையும் ஒன்றாக ஒலித்தன. வாசலில் நின்ற செல்லம்மாளுக்கும் அது கேட்டது.

"நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்க!"

நிறுத்துவதற்கும் பிரேக்கைத்தான் மிதிக்க வேண்டும். மிதித்தார். வளையல்கள் இன்னும் பலமாக ஒலித்தன.

செல்லம்மாள் ஓடிவந்து மருமகளை இறக்கினார். வேறு வண்டி கொண்டுவருகிறேன் என்று புருஷோத்தமன் கும்பிட்டார். வாடகை வண்டியானாலும் சரி என்றார்.

"ஏறுன பொண்ணு எறங்கிட்ச்சி. சகுனத் தடை. இனிமே எந்த வண்டியும் வாணாம்."

"நைனா, நான் நடந்தே வரட்டா?" என்றாள் நிஷா. அவளைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போனார்கள். ராகு காலம் சரியான நேரத்தில் தொடங்கியது.

திரும்பும் வழியில் உத்திரமேரூர் நெருங்கும்போது செல்போன் அடித்தது. திருமுக்கூடலில் ஒரு சாவு.

"அண்ணே, வண்டி கீதா?"

"கீது" என்றார் புருஷோத்தமன்.

திலகாவை வீட்டில் இறக்கிவிட்டு, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போனார். ஒவ்வொரு பிரேக்குக்கும் வண்டி உதறியது. புகார் சொல்ல ஒருவரும் இல்லை. பின்சீட்டில் இருந்தவர்கள் முன்பே அழுது குலுங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அன்று டிரைவர் சீட்டிலும் ஒருவர் அப்படித்தான் இருந்தார். துக்கத்தில் பங்கெடுக்கிற பண்புள்ள டிரைவர் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பொழுது சாய்ந்து திரும்பியபோது திலகா வாசலில் பக்கெட்டோடு நின்றார். ஊற்றவா வேண்டாமா என்று முதல்முறையாகக் கணவர் முகத்தைப் பார்த்தார்.

"ஊத்து" என்றார் புருஷோத்தமன்.