பச்சை என்றால் என்ன நிறம்?

போன வாரம் உழவர்கரையிலிருந்து டவுனுக்கு வரும் பஸ்ஸில், பக்கத்து சீட்டுப் பெண் செல்போனில் யாரையோ எச்சரித்துக்கொண்டிருந்தாள். "பச்சப் பொய்யி சொல்றான். நம்பாத நீ." பொய்க்கு ஏது நிறம் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தக் கேள்வி என்னுடையது அல்ல, மரி அக்காவுடையது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள். தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். வேலை பார்த்த மில் மூடியபின் காய்கறிக் கடை போட்டிருந்த அப்பாவுக்கு என் படிப்பால் நயாபைசா பிரயோசனமில்லை; கத்திரிக்காயில் சொத்தை பார்க்கக்கூட எனக்கு வராது. அப்போதுதான் பிரான்ஸிலிருந்து மரி அக்கா வந்தார். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். இங்கே பிறந்து கைக்குழந்தையாக அங்கே போன அக்கா, முப்பது தாண்டித் தமிழ்க் கதைகளை பிரெஞ்சில் மொழிபெயர்க்கத் திரும்பியிருந்தார். கூட உட்கார்ந்து வாசிக்க ஆள் தேடினார். நான் போய்ச் சேர்ந்தேன்.

காபி வாசனையும் உப்புக்காற்றில் ஊறிய சுவரின் வாசனையும் கலந்த வாடகை வீடு அது. கதைகளில் வந்த பச்சைதான் எங்களைப் படுத்தியது. பச்சைத் தண்ணீருக்கு நிறமில்லை. பச்சைக் குழந்தை சிவப்பாக இருக்கிறது. பொன்னிலும் உசத்தி பசும்பொன். பழைய பாட்டுகளில் காதலனைப் பிரிந்தவளின் மேனியில் படரும் பசலையோ மஞ்சளா, பச்சையா என்று எனக்கே சந்தேகம்.

"ஒரே வார்த்தைய வெச்சிக்கினு ஊரே குடித்தனம் பண்ணுது!" என்பார் அக்கா. பச்சை பச்சையாகத் திட்டுவது என்றால் என்னவென்று நான் நெளிந்து நெளிந்து விளக்கியபோது கைதட்டிச் சிரித்தார். பிரெஞ்சிலும் கொச்சைப் பேச்சுக்குப் பச்சை மொழி என்றுதான் பெயராம்.

ஒருநாள் ஒரு கதையில், மாமியாரோடு சண்டை போட்டவள் பச்சை உடம்போடு ஆற்றைக் கடந்து தாய்வீட்டுக்குப் போகிறாள். அக்கா அவளுக்குப் பச்சைச் சேலை கட்டிவிட்டிருந்தார்.

"ஐயோ அக்கா, சேல இல்ல. புள்ள பெத்த ஒடம்பு. இன்னும் ஆறல, அதான் பச்ச ஒடம்பு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "எங்கம்மா எப்பவும் சொல்லும். பச்ச ஒடம்போட என்ன ப்ளேன் ஏத்துனாரு ஒங்கப்பான்னு. நான் பச்சப் பொடவன்னே நெனச்சிக்கினு இருந்தேன்."

அது மட்டுமல்ல. இங்கே வருமுன் நடந்த சண்டையிலும் அம்மா அதையே சொல்லியிருக்கிறார். "இன்னுமா அந்தப் பொடவ?" என்று இவர் சிரித்துவிட்டார். அதன்பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

அன்று சாயங்காலமே ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனோம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் நின்றேன். அக்கா கொஞ்சம்தான் பேசினார். அப்புறம் கேட்டுக்கொண்டே இருந்தார், ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்தது.

"என்னக்கா சொன்னாங்க?"

"அடிப்பாவி, இத்தினி வருஷமா எனக்குப் பொடவ கட்டிவுட்டுப் பாத்துக்கினா இருந்தன்னு கேக்குது. அப்புறம் முழுசா சொல்லுச்சி. தையல் பிரியாத ஒடம்பு, தாய்ப்பால் கட்டிக்கினு காய்ச்சலு, சீட்டுல ஒக்கார முடியாம வந்துச்சாம். மடியில நான்."

புத்தகம் வெளிவந்தது. அக்கா அம்மாவிடமே திரும்பிப் போய்விட்டார். அந்த பூத் இருந்த இடத்தில் இன்று பிஸ்ஸா விற்கிறார்கள். வாடகை வீடு, சுவரெல்லாம் புதுப் பெயிண்டோடு ஓட்டலாகிவிட்டது.

இரண்டு வருஷம் முன்பு தன் அம்மா இறந்த செய்தியைச் சொல்ல அக்கா போனில் கூப்பிட்டார். அவருடைய பிரான்ஸ் வீட்டில் தமிழ் பேச இனி வேறு யாருமில்லை.

"அம்மா சொன்னதுல இன்னும் எத்தினி வார்த்தைய தப்பா புரிஞ்சிக்கினேனோ," என்றார். "இனிமே யார்கிட்ட கேக்கறது, சொல்லு?"