நெற்றியோடு நின்ற படம்

பரணிலிருந்து எடுத்த பழைய லேப்டாப்பின் பக்கவாட்டிலிருந்து மோடம் கார்டை உருவினாள் அக்கா மகள். கூடவே ஒரு தோல்துண்டு விழுந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். ஆம்பூர்த் தோல் வாசனை இன்னும் போகவில்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மஸ்கட்டில் நர்ஸாக இருந்த அக்கா, தனக்குப் பிறந்த குழந்தையின் படத்தை மெயிலில் அனுப்பியிருந்தாள். அவள் கொடுத்திருந்த லேப்டாப்பில் மோடம் கார்டைச் செருகி, சிடி போட்டு, டெலிபோன் ஒயரை மாட்டினேன். எல்லாம் தெரிந்தவள் என்ற மிதப்பில் யாரையும் தொடவிடவில்லை. கீச்சுக்கீச்சென்று கத்தி இன்டர்நெட் லைன் கிடைக்கும். படம் நெற்றிவரை இறங்கும். அதற்குள் கார்டு ஆடி, லைன் கட்டாகிவிடும். மூன்று முறையும் நெற்றிதான். அழுகை வந்தது.

ஷூ கம்பெனியில் தைக்கிற அம்மா ஷிப்ட் முடிந்து வந்தாள். கார்டு ஆடிய இடுக்கில் நகத்தை விட்டுப் பார்த்தாள்.

"சந்து ஜாஸ்தி இல்லடி. ஷூ லைனிங் தோல் கனம்தான்."

பையிலிருந்த வெட்டுத்துண்டில் ஒரு கீற்று நறுக்கிச் செருகினாள். அதன்பிறகு கார்டு அசையவில்லை. கண், மூக்கு, வாய் என்று படம் மெல்ல இறங்கியது. அம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"கம்ப்யூட்டர்ல தோலு எதுக்கு சித்தி?" என்றாள் அக்கா மகள்.

"உன் மூஞ்சி நெத்தியோட நின்னுடுச்சு. மீதிய வரவச்சது எங்கம்மா, உங்க ஆயா."