சாம்பல் நிறக் கோட்டின் கிழிசல்

கார் மோதிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பதினாறு வருடமாக நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். எத்தனையோ விபத்து வழக்குக் காகிதங்கள் என் இயந்திரத்துக்குள் போய் வந்திருக்கின்றன. எடுக்கும்போது நாலு வரி கண்ணில் படாமலா இருக்கும்? வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். எனக்கு ஒன்றுமில்லை என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது. போட்டிருந்த துணியைத் துவைக்கக் கூடாது.

எதிர்க் கடை அக்கா முதல் மூன்றிலும் கோட்டை விட்டார். நாலாவதை அவர் கணவர் பார்த்துக்கொண்டார்.

அவர்களுடையது சலவைக் கடை. மாமா துவைத்துத் தேய்ப்பார். அக்கா கிழிசல் தைப்பார். அக்கா தைத்துக் கொடுத்தால் கிழிந்த இடம் எதுவென்று துணியின் சொந்தக்காரருக்கே தெரியாது. மாமாவும் அவரைப் பார்த்துப் பார்த்துத் தைக்கக் கற்றுக்கொண்டவர்தான். ஆனால் இருபத்து மூன்று வருடத்தில் ஒருநாள்கூட அக்கா அவர் தையலை மெச்சியதில்லை. "உங்க தையல் இருக்கே, ஊரைக் கூட்டிச் சொல்லும்" என்பார். மாமா சிரித்துக்கொண்டே இஸ்திரிப் பெட்டியைத் தள்ளுவார்.

அன்று மழை விட்ட நேரம். தேய்த்த சட்டைகளை ஒரு வீட்டில் கொடுக்க அக்கா தெருவைக் கடந்தார். முனையில் திரும்பிய சிவப்புக் காரின் பக்கக் கண்ணாடி அவர் போட்டிருந்த சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டின் தோள்பட்டையில் மாட்டி, இரண்டடி இழுத்துக் கீழே தள்ளியது. சத்தம் கேட்டு நான் வெளியே வந்தபோது, அக்கா தரையில் உட்கார்ந்து சட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். விழுந்தவருக்குத் தன் கையைவிடச் சட்டை பெரிதாக இருந்தது.

காரிலிருந்து இறங்கியவன் மிகவும் பணிவாகப் பேசினான். அக்காவோ, "எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி, நீங்க போங்க" என்று அனுப்பிவைத்தார். வண்டி எண்ணை நான்தான் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினேன்.

"டாக்டர்கிட்டப் போலாம்க்கா" என்றேன்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. நீ போய் உன் கடையைப் பாரு."

நானும் போய்விட்டேன். கடையில் நாலு பேர் காத்திருந்தார்கள். எல்லாம் தெரிந்தவன் அப்படிப் போனதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

மூன்றாம் நாள் அக்காவின் வலது மணிக்கட்டு வீங்கி, விரல்கள் மடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். எலும்பு முறிந்து நரம்பை அழுத்துகிறது, சீக்கிரம் அறுவை செய்யாவிட்டால் இனி ஊசி பிடிக்க முடியாது என்றார் டாக்டர். காரின் இன்சூரன்ஸ் கம்பெனி ஒப்புக்கொண்டால்தான் அந்தச் செலவைச் சமாளிக்க முடியும். ஆனால் அந்தப் பணிவான மனிதன் இதற்குள் கம்பெனிக்கு வேறு கதை எழுதிக் கொடுத்திருந்தான்: அம்மா மழையில் தானாக வழுக்கி விழுந்தார், கார் அவரைத் தொடவே இல்லை.

கட்டோடு அக்கா வீடு திரும்பிய மறுநாள், கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒரு அம்மாள் கடைக்கு வந்தார். கையில் கோப்பு, முகத்தில் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அன்னைக்குப் போட்டிருந்த கோட்டு இருக்கா?" என்றார்.

"இருக்குங்க" என்று மாமா உள்ளே ஓடினார். மாட்டியில் தொங்கவிட்டுக் கண்ணாடிக் காகித உறை போட்டு, புதுக் கோட்டு போலக் கொண்டுவந்தார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அந்த அம்மாள் கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிழிஞ்சிருந்துச்சுன்னு சொன்னீங்க?"

"கிழிஞ்சுதாங்க இருந்துச்சு. இவ ஆஸ்பத்திரியில கிடந்தப்ப எனக்குக் கை சும்மா இருக்கல. நானே தைச்சு, அழுக்கெடுத்து..." என்று சொல்லிக்கொண்டே வந்த மாமாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பாதியில் நிறுத்திவிட்டார். கறை எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது.

அக்கா இடது கை விரல்களால் கோட்டின் தோளைத் தடவினார். ஒரு தடவை, இரண்டு தடவை. மற்றவர்கள் தைத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பவர் அவர். கிழிசல் அகப்படவில்லை. கணவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏங்க, தைச்சிட்டுத் துவைச்சீங்களா, துவைச்சிட்டுத் தைச்சீங்களா?"

"தைச்சிட்டுத்தான். கிழிசலோட தண்ணியில போட்டா பெருசாகும்னு நீதானே படிச்சுப் படிச்சு சொல்லுவே."

"அப்ப பிரிங்க."

மாமா தயங்கினார். வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் அக்காவுக்கே தெரியாதபடி தைத்திருக்கிறார். பிறகு சிறு கத்தரியை எடுத்து, இடத்தைக் காட்டி, ஒவ்வொரு இழையாக அறுத்தார். உள்பக்கம் வைத்துத் தைத்த ஒட்டுத்துணி விலகியதும், மடித்துவிட்டிருந்த கிழிந்த ஓரம் வெளியே வந்தது. மடிப்புக்குள் இருந்ததால் துவைத்தும் போகாமல், கம்பளி இழையில் சிக்கி, நகக்கண் அளவுக்குச் சிவப்புப் பெயிண்ட் செதில் ஒன்று இருந்தது.

அந்த அம்மாள் நெடுநேரம் அதையே பார்த்தார். படம் எடுத்தார். செதிலை ஒரு சிறு உறையில் போட்டு எங்கள் மூவரிடமும் கையெழுத்து வாங்கினார். அக்கா இடது கையால் போட்டார்.

பத்து நாளில் கம்பெனி ஒப்புக்கொண்டது. அறுவையும் நடந்தது. நரம்பு முழுவதும் சரியாகவில்லை. கட்டை விரலும் அடுத்த விரலும் மட்டும் ஓரளவு மடங்கின. ஐந்து மாதம் அந்தக் கோட்டு கிழிசலோடே கடையில் தொங்கியது. மாமா தைக்கப் போனபோதெல்லாம், "அது என் வேலை" என்று அக்கா தடுத்துவிட்டார்.

ஒரு காலையில் நான் போனபோது அக்கா தைத்து முடித்திருந்தார். இழைகள் மேலும் கீழுமாக, பார்க்கவே பாவமாக இருந்தன. தெருவில் போகிறவனுக்குக்கூடத் தெரியும். அக்கா கோட்டை மேசைமேல் போட்டுவிட்டு வேறெங்கோ பார்த்தார்.

மாமா இஸ்திரிப் பெட்டியை எடுத்து, அந்தத் தோளை மட்டும் நிதானமாகத் தேய்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"எங்கேம்மா தைச்சே? எனக்குத் தெரியவே இல்லையே."

"பொய் சொல்லாதீங்க" என்றார் அக்கா. கண் கலங்கியிருந்தது. ஆனால் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார்.