மேடையில் பெய்யாத மழை

விஞ்ஞான தினத்துக்கு நீர் வட்டத்தை நாடகமாகப் போடச் சொன்னார்கள். கடல் ஆவியாகும், மேகமாகும், மழையாகப் பெய்யும். இதில் சண்டை பிடிக்க என்ன இருக்கிறது? இருந்தது. எங்கள் பாடசாலை புத்தளத்து உப்பளங்களை ஒட்டி நிற்கிறது. பிள்ளைகளில் பாதிப் பேரின் வாப்பாமார் உப்பு வாருகிறவர்கள்.

மேடைக்கு உப்பு வேண்டுமென்று, மேகமாக நடித்த பிள்ளையின் வாப்பாவிடம் கேட்டேன். இரண்டு மூட்டை கொண்டுவந்து குவித்தார். ஒத்திகையைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

"வெயிலோட முடிச்சா என்ன டீச்சர்? உப்பு விளைஞ்சிட்டுதானே."

"மழை பெய்யாட்டி அது எப்படி வட்டமாகும்?"

"உங்கட வட்டத்துக்குக் கரைக்க எங்கட உப்புத்தானா கிடைச்சது?"

வெயிலோடு நிறுத்தினால் அது பாதிப் பொய். விஞ்ஞானத்தில் பிழை கண்டால் கல்வி வலயத்திலிருந்து வரும் நடுவர் தள்ளிவிடுவார். என் பிள்ளைகள் அடுத்த சுற்றுக்குப் போகவேண்டும். மழை பெய்தே ஆகும் என்றேன். கடதாசி மழை இல்லை, பூவாளியில் உண்மைத் தண்ணீர்.

விஞ்ஞான தினத்தன்று எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மேகம் பூவாளியோடு மேசை மேல் ஏறியது. பின்னால் தகரத்தைத் தட்டி இடி இடித்தார்கள். ஒரு துளி விழவில்லை, அதற்குள் முன்வரிசை ஆண்கள் அத்தனை பேரும் மேடையில் நின்றார்கள். ஓரத்தில் மறைப்பாகக் கட்டியிருந்த தென்னோலைக் கிடுகுகளைப் பிய்த்து, உப்புக் குவியலை மூடத் தொடங்கினார்கள். கிடுகு போன இடத்தில் சூரியன் பிஸ்கட் தின்றுகொண்டு நின்றது.

"அந்தப் பக்கம் இழுங்க மச்சான், காத்து வருது."

சபை கைதட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது நாடகம். வெளியில வெயில் கொளுத்துது" என்று கத்தினேன்.

"தண்ணி உண்மைத் தண்ணிதானே டீச்சர்?" என்றார் மேகத்தின் வாப்பா.

நான் நடுவர் பக்கம் திரும்பினேன்.

நடுவருக்குச் சந்தோசம். "நடிப்பு நல்லாயிருக்கு. ஆனா மழை நிலத்தில விழல்லயே. விழுந்தா தெரிவு செய்யலாம்."

"ஊத்து" என்றேன்.

பிள்ளை என்னைப் பார்த்தது, வாப்பாவைப் பார்த்தது. குவியலின் ஒரு மூலையில் கிடுகு விலகிக் கிடந்தது. பூவாளியை மேசையில் வைத்துவிட்டு இறங்கி வந்து அதை இழுத்து மூடியது.

நடுவர் பேனையை மூடிச் சட்டைப் பையில் போட்டார்.