குலுக்காத குப்பி

அன்று காலை எண்ணிக்கை ஆறு என்று வந்தது. குறைந்தது இருபது வேண்டும்.

எதன் எண்ணிக்கை என்று சொல்லிவிடுகிறேன். ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் எலும்பு மஜ்ஜையை விட்டு லேசில் வெளியே வராது. செல் கொடுக்கும் டோனருக்கு நாலு நாள் ஊசி போட்டால் ரத்தத்தில் இறங்கும். ஐந்தாம் நாள் ஒரு மைக்ரோலிட்டரில் எத்தனை என்று எண்ணிச் சொல்வது, செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி லேபில் என் வேலை. இருபது தாண்டினால் டோனரை மெஷினோடு இணைத்துச் செல்களைப் பிரித்தெடுப்பார்கள்.

டோனர் ஏழுமலை, மதுராந்தகத்தில் வேன் ஓட்டுபவர். செல்கள் அவருடைய அக்காவுக்கு. கீமோ கொடுத்து அக்காவின் மஜ்ஜையை ஏற்கெனவே காலி செய்தாகிவிட்டது. தம்பியிடமிருந்து கிடைக்காவிட்டால் அந்த அம்மா பிழைப்பது கஷ்டம்.

டாக்டரம்மா போனில், "ஆறா? இன்னைக்கு கலெக்‌ஷன் வேணாம்னு சொல்லிடவா?" என்றார்.

"பத்து நிமிஷம் குடுங்க மேடம்."

வெள்ளையணு நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. ஊசி நன்றாகவே வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்; அதற்கு இந்த ஆறு பொருந்தவில்லை. வார்டுக்குப் போனேன். ஏழுமலை கட்டிலில் நெளிந்துகொண்டிருந்தார்.

"வலி இருக்கா?"

"இன்னா சார் இப்டி கேக்குற? இடுப்பு வுட்டுப் போவுது. குந்த முடில."

மஜ்ஜை மும்முரமாக வேலை செய்தால் அப்படித்தான் வலிக்கும். ஒழுங்காக வேலை செய்யாதது நான்.

எண்ணுவதற்கு ரத்தத்தோடு, எண்ணிக்கை தெரிந்த நுண்மணிகளைக் கலப்போம். மணிகளோடு ஒப்பிட்டுத்தான் லேபில் எண்ணும் மெஷின் செல்களைக் கணக்கிடும். மணிகள் குப்பியின் அடியில் தங்கும்; குலுக்கித்தான் எடுக்க வேண்டும். அன்று குப்பியில் கடைசிச் சொட்டு. புதுசைப் பிரிக்க மனசில்லாமல், குலுக்காமல் அடியோடு உறிஞ்சிவிட்டேன். மணி கூடினால் மெஷின் செல்லைக் குறைத்துக் காட்டும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்.

புதுக் குப்பியைக் குலுக்கி மறுபடி ஓட்டினேன். பத்து நிமிஷம் என்றது முக்கால் மணி நேரம் ஆனது. முப்பத்தொன்று. டாக்டரம்மாவிடம் என் தப்பைச் சொன்னேன். "எழுதிக் குடுங்க" என்றார். கொடுத்தேன்.

கணக்கு பொருந்தாவிட்டால் முதலில் உங்கள் கையைச் சந்தேகப்படுங்கள். டோனரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சாயங்காலம், செல்களை எடுத்து முடித்த பிறகு, ஏழுமலையிடமும் நானே போய்ச் சொன்னேன்.

"இருமல் மருந்துலயே 'நல்லா குலுக்கவும்'னு போட்டுக்கீது சார். உன் பாட்டில்ல போடலியா?"

"போட்டிருக்கு."

"சரி வுடு. எடுத்தது அக்காவுக்குப் போதுமா?"

"போதும். ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

"குலுக்கினியா?"